சில்லறைக் கடன்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்' என்று சொல்லிவைத்த புண்ணியவான், மூன்றாவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அட்வான்ஸ் கொடுத்த வீட்டுக்குக் காத்திருந்து பார் என்பதுதான் அது. வீடு கட்டுகிறவனுக்காவது தினம் ஒரு வேலை இருக்கிறது. செங்கல்லை எண்ணலாம், கொத்தனாரோடு சண்டை போடலாம். கல்யாணம் செய்கிறவனுக்குச் சம்பந்தி இருக்கிறார். காத்திருக்கிறவனுக்கு என்ன இருக்கிறது? கிரய ஒப்பந்தத்தின் நகல் ஒன்று, நோட்டுப் புத்தகத்தில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த கணக்கு ஒன்று, போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேட்கும் "என்ன, பத்திரம் முடிஞ்சுதா?" என்ற கேள்வி ஒன்று. அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் மனுஷனுடைய ஸ்திதி விசித்திரமானது. குடியிருக்கும் வீடு வாடகை வீடு என்பது அதுவரையில் உறுத்தாமல் இருந்தது; இப்போது உறுத்துகிறது. குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரிடம் சொல்லத் தோன்றுவதில்லை; இன்னும் இரண்டு மாசம்தானே என்று ஒரு துணியைச் சுற்றி வைக்கிறோம். வாங்கப் போகிற வீடு இருக்கும் தெருவிலோ, வேலை இல்லாவிட்டாலும் ஒரு நடை போய் வருகிறோம். அந்தத் திண்ணையில் எவனாவது வெற்றிலைச் சாறு துப்பியிருந்தால் கோபம் வருகிறது. ஆனால் கேட்க உரிமை கிடையாது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவில், விற்பதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டும் அந்தச் சொத்தில் எந்தவிதமான பாத்தியதையையும் உண்டாக்காது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் சங்கரன்கோவில். காத்திருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சிவனையும் விஷ்ணுவையும் ஒரே திருமேனியில் காண வேண்டும் என்று கோமதி அம்பாள் தவம் இருந்த ஸ்தலம் இது. ஆடி மாசம் 12 நாள் நடக்கும் தபசுத் திருவிழா அந்தத் தவத்தின் ஞாபகம்தான். அம்பாள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அந்தக் கால்வலியில் தங்களுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று ஜனங்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஆடிச் சுற்று என்று அதற்குப் பெயர். 101 சுற்று, 108 சுற்று, மனசும் காலும் இடம் கொடுத்தால் 501 சுற்று. தபசு அன்று மாலையில் ஒரு பாதி சங்கரனும் ஒரு பாதி நாராயணனுமாகச் சுவாமி எழுந்தருளிக் காட்சி கொடுத்த பிறகுதான் அம்பாளின் காத்திருப்பு பலிக்கிறது.

"ஒப்பந்தம் போட்டுப் பத்திரம் ஆகாத வீடும் சங்கரநாராயணர் மாதிரிதான். பாதி அவங்களுது, பாதி நம்முது" என்று என் மனைவியிடம் சொன்னேன். சொன்ன எனக்கு அது பிரமாதமாகத்தான் தோன்றியது.

"சாமியிலே ரெண்டு பாதியும் முழுசு. இதிலே நம்ம பாதி வெறும் காகிதம்" என்றாள் அவள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

2025ஆம் வருஷம் வைகாசியில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய வீடு. திண்ணை, பட்டாசாலை, பின்னால் ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு முருங்கை. விலை 30 லட்ச ரூபாய். அட்வான்ஸ் 3 லட்சம். மூன்று மாசத்துக்குள் மீதியைக் கொடுத்துப் பத்திரம் முடிக்க வேண்டும். எங்களால் தவறினால் அட்வான்ஸ் திரும்பாது. விற்கிறவர்கள் நாலு வாரிசுகள். மூன்று பேர் இங்கேயே இருந்தார்கள். நாலாமவர் பம்பாயில். அவர் பவர் எழுதி அனுப்புவதற்குள் ஆனி பாதி ஓடிவிட்டது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளரின் அறிக்கை என்று ஒவ்வொன்றும் தன் சௌகரியத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லாம் சேர்ந்து, பாங்கி கடன் அனுமதிக் கடிதம் கொடுத்தபோது ஆனி மாசம் முடியும் தறுவாய். "ஆடியிலே யாராவது வீடு கைமாத்துவாங்களா? ஆவணி பிறக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் மூத்த வாரிசு. எங்களுக்கும் அதில் ஆட்சேபம் சொல்லத் துணிவில்லை. ஆக, எங்கள் காத்திருப்பிலும் ஒரு ஆடி வந்து சேர்ந்தது.

பணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது. 30 லட்சம் வரைக்கும் உள்ள வீட்டுக் கடனுக்கு, வீட்டு விலையில் 90 சதவிகிதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் பாங்கி வைத்திருக்கும் உச்ச வரம்பு. அது வரம்பே தவிர வாக்குறுதி இல்லை. எங்களுக்கு 80 சதவிகிதம், அதாவது 24 லட்சம் கிடைத்தது. பாக்கி 6 லட்சம் எங்கள் கையிலிருந்து. அதோடு போயிற்றா? தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக 2,70,000 ரூபாய். விலை 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்றால் இந்தத் தொகையைப் பாங்கி வீட்டு விலையோடு சேர்த்துப் பார்க்காது. வாங்குகிறவன்தான் தன் மடியை அவிழ்க்க வேண்டும். பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் சலுகை என்று 2025 ஏப்ரலில் வந்தது; ஆனால் அதுவும் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். எங்கள் முருங்கை மரத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இப்படியாக 8,70,000 ரூபாய் எங்கள் கையில் இருக்க வேண்டும். இருந்தது. சரியாக அவ்வளவுதான் இருந்தது.

கடன் முழுதும் என் மனைவியின் சம்பளத்தை நம்பிக் கொடுத்தது. நானும் கூட்டு விண்ணப்பதாரர்தான். ஆனால் கதை எழுதுகிறவனுக்குச் சம்பளச் சீட்டு ஏது? ஒரு வருஷம் நாவல் மறுபதிப்பு வருகிறது. இரண்டு வருஷம் வருவதில்லை. "சார் கதை எல்லாம் எங்க வீட்டிலே படிப்பாங்க" என்று பாங்கி அதிகாரி அன்போடு சொன்னார். அன்போடு சொல்லிவிட்டு, என் வருமானம் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார்.

அவளுக்குக் கையில் வரும் சம்பளம் 54,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போகக் கூடாது என்று அந்தப் பாங்கி ஒரு கணக்கு வைத்திருந்தது. பாதி 27,000. கூட்டுறவுச் சிக்கனக் கடன் சங்கத்தில் முன்னமே வாங்கிய கடனுக்கு மாசம் 6,500 பிடித்தம். மீதி 20,500. எட்டு சதவிகித வட்டியில், 20 வருஷத்தில் அடைக்கும் கடனுக்கு லட்சத்துக்கு 836 ரூபாய்ச் சொச்சம் மாசத் தவணை. 24 லட்சத்துக்கு 20,075 ரூபாய். ஆக, எங்களுக்கும் அந்த எல்லைக் கோட்டுக்கும் நடுவில் இருந்த தூரம் 425 ரூபாய். அந்த 425 ரூபாய் இடுக்கில்தான் நாங்கள் அந்த ஆடி மாசத்தைக் கழித்தோம்.

ஆடி பிறந்து நாலாம் நாள் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் உயிரை விட்டது. 14 வயசு. வந்து பார்த்த மெக்கானிக், கம்ப்ரெஸர் போயிற்று, மாற்ற 9,000 ரூபாய் ஆகும், மாற்றினாலும் உத்தரவாதம் சொல்ல மாட்டேன் என்றார். தம்மிடம் ஒரு பழைய பெட்டி 4,000 ரூபாய்க்கு இருக்கிறது என்றும் சொன்னார். போய்ப் பார்த்தேன். அது எங்கள் பெட்டிக்கு அண்ணன்.

தயிர் புளித்தால் புளிக்கட்டும், காய்கறியை அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம். விஷயம் அதுவல்ல. என் அம்மாவுக்கு 76 வயசு. ஆறு வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். திறக்காத குப்பியை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். திறந்த குப்பி நாலு வாரம் வரை வெளியே இருக்கலாம். ஆனால் வெயில் ஏறினால் மருந்தின் சக்தி போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சங்கரன்கோவில் வெயிலுக்கு ஆடி, ஆவணி என்ற பேதம் அவ்வளவாகத் தெரியாது.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் கடைக்குப் போனோம். ஆடித் தள்ளுபடி. வீடு வாங்க ஆகாத மாசம் என்று பெரியவர்கள் ஒதுக்கிவைத்த மாசத்தையே, வேறு எதையும் வாங்குவதற்கு உகந்த மாசமாக வியாபாரிகள் மாற்றிவிட்டார்கள். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கைக்காசு பறக்கிறது. கடைப் பையன் ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

"24,000 ரூபா அண்ணாச்சி. 12 தவணை. மாசம் ரெண்டாயிரம். வட்டியே கிடையாது. முன்பணமும் வேண்டாம். ஆதாரும் பான் நம்பரும் சொல்லுங்க. பத்து நிமிஷத்திலே முடிஞ்சிரும். நாளைக் காலையிலே பெட்டி வீட்டிலே நிக்கும்."

"ரொக்கமா குடுத்தா என்ன விலை?" என்று கேட்டாள் என் மனைவி.

அவன் கொஞ்சம் தயங்கினான். "ரொக்கம்னா 22,500க்குப் பார்க்கலாம், டீச்சர்."

வட்டி கிடையாது என்ற சொல்லுக்குப் பின்னால் 1,500 ரூபாய் உட்கார்ந்திருந்தது. 2013ஆம் வருஷமே ரிசர்வ் பாங்கி எல்லா பாங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கையில், பூஜ்ய சதவிகித வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்று எழுதியது. எங்கேயோ ஒரு மூலையில், வேறு பெயரில் அது ஒளிந்துகொண்டிருக்கும். ஆனால் எங்கள் கவலை அந்த 1,500 ரூபாய் இல்லை. ரொக்கமாகக் கொடுக்கவும் வழி இல்லை. அட்வான்ஸ் போக மீதிப் பணம் முழுதும் கணக்கில் இருப்பதைப் பாங்கிக்குக் காட்டியாகிவிட்டது. தவணையில் வாங்கினால்?

கடைக்கு வெளியே வந்து, ஒரு துணிக்கடை நோட்டீஸின் பின்பக்கத்தில் அவள் கணக்குப் போட்டாள். 20,500இல் 2,000 போனால் 18,500. அதை 836ஆல் வகுத்தால் 22 லட்சத்துச் சொச்சம். கடன் 24 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 1,88,000 ரூபாய் குறைந்துவிடும்.

"24,000 ரூபாப் பெட்டி இல்லைங்க இது. கிட்டத்தட்ட ரெண்டு லட்ச ரூபாப் பெட்டி" என்றாள்.

"என் பேரிலே வாங்கினா?"

"நீங்களும்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? உங்க கடனும் அதே தராசிலேதான் ஏறும்."

கணக்கில் நான் பிளஸ் டூவோடு நின்றவன். இருந்தாலும் இந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கு நன்றாகப் புரிந்தது. நாம் கடனைத் தொகையை வைத்து எடை போடுகிறோம். இருபத்து நாலாயிரம் சின்னது, இருபத்து நாலு லட்சம் பெரியது என்கிறோம். கொடுக்கிறவன் தொகையைப் பார்ப்பதில்லை, மாசத் தவணையைப் பார்க்கிறான். 20 வருஷக் கடனுக்குப் பக்கத்தில் ஒரு வருஷக் கடனை வைத்தால், சின்னதுதான் தன் அளவுக்கு மீறிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று தவணையே பாக்கி உள்ள கடனைச் சில பாங்கிகள் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் புதிதாகத் தொடங்கிய கடனை எந்தப் பாங்கியும் அப்படிச் சும்மா விடுவதில்லை.

'அனுமதிக் கடிதம்தான் கையில் இருக்கிறதே, அதற்குப் பிறகு வாங்கின ஃப்ரிட்ஜ் பாங்கிக்கு எப்படித் தெரியும்?' என்று நீங்கள் கேட்கலாம். ராஜபாளையத்தில் என் நண்பர் ஒருவர் அப்படித்தான் கேட்டார். கல்லூரியில் சேரப் போகிற மகனுக்கு ஒரு செல்போன், மாசம் 3,000 ரூபாய்த் தவணையில். அனுமதிக் கடிதம் வந்து இருபது நாள் கழித்து வாங்கினார். பத்திரத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன்னால் பாங்கி அவருடைய கடன் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தது. அனுமதிக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், விண்ணப்பதாரரின் நிலைமை மாறினால் தொகையை மாற்ற எங்களுக்கு உரிமை உண்டு என்று பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்து அன்றைக்குப் பெரிய எழுத்தாகிவிட்டது. குறைந்த தொகைக்கு அவர் மனைவியின் நகைகளும் கொழுந்தியாளின் நகைகளும் அடகுக் கடைக்குப் போயின. பத்திரம் முடிந்தது. நகைகள் திரும்பி வர இரண்டு வருஷம் ஆயிற்று. கொழுந்தியாளின் பேச்சுவார்த்தை மட்டும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் வீட்டுப் பத்திரம் முடிவதற்குச் சற்று முன்னால் கடன் கொடுப்பவர்கள் இப்படி ஒருமுறை எட்டிப் பார்ப்பதுண்டு. சாவி கைக்கு வரும்வரை சோபா, கட்டில் என்று எதையும் கடனில் வாங்காதீர்கள் என்று அங்கே தரகர்களே எச்சரிக்கிறார்கள். புது வீட்டில் எதை எங்கே போடுவது என்று மனசு முன்கூட்டியே குடியேறிவிடுகிற வியாதி எல்லாத் தேசத்திலும் உண்டு போலிருக்கிறது.

என் அப்பா காலத்தில் சில்லறைக் கடன் என்றால் பலசரக்குக் கடை நோட்டுத்தான். நீளமாக, முதுகில் காடாத் துணி ஒட்டிய நோட்டு. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. வாங்கியதைப் 'பற்று' என்று எழுதினவன் கெட்டிக்காரன். கடனும் ஒரு பந்தம் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான். அந்தக் காலத்தில் ஒருவன் வீடு வாங்கப் போனால் கடை நோட்டை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். வாய்மொழியாக விசாரித்தார்கள். கடைக்காரரிடம் வந்து, "ஆள் எப்படி?" என்று கேட்பார்கள். "கொஞ்சம் தாமசமாத் தருவார், ஆனா தந்திருவார்" என்பார் கடைக்காரர். எங்கள் அப்பாவுக்குக் கிடைத்த சான்றிதழ் அது. அந்த 'ஆனா'வில்தான் அவருடைய மானம் முழுதும் இருந்தது.

இன்றைக்கு அந்த நோட்டு பெரிதாகிவிட்டது. கடன் தகவல்களைச் சேகரிக்க நம் தேசத்தில் முதல் நிறுவனமாக 2000ஆம் வருஷம் சிபில் ஏற்பட்டது. 2005இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. இப்போது நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. 300இலிருந்து 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். 2022இல் ரிசர்வ் பாங்கி போட்ட விதிப்படி, செல்போன் செயலி வழியாகக் கொடுக்கும் கடனையும், எவ்வளவு சின்னதானாலும், எத்தனை நாளுக்கானாலும், அந்த ஏட்டில் ஏற்ற வேண்டும். 15 நாளுக்கு ஒருமுறை தகவல் போய்ச் சேர வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. கடன் கேட்டு நாலு இடத்தில் விண்ணப்பித்தால் அந்தக் கேள்விகளும் பதிவாகி மதிப்பெண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கும். நமக்கு நாமே பார்த்துக்கொள்வதால் மட்டும் இறங்காது. வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையும் இலவசமாகக் கிடைக்கும். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் அங்கே நம் பேரில் இருக்கும். வீடு வாங்க உத்தேசித்திருப்பவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த ஏட்டை நான் குறை சொல்லவில்லை. பலசரக்குக் கடைக்காரரின் வாய் சாதி பார்த்தது, தெரு பார்த்தது, ஆள் பார்த்தது. இந்த ஏடு அப்படி எதையும் கேட்பதில்லை. எங்கேயோ ஒரு கிராமத்துப் பெண் தவறாமல் கட்டினால் அவளுக்கும் அதே மதிப்பெண். இது பெரிய காரியம். ஆனால் கடைக்காரரிடம் இருந்த ஒரு சொல் இந்த ஏட்டில் இல்லை. 'தாமதம்' என்பதற்குக் கட்டம் உண்டு. 'ஆனா' என்பதற்குக் கட்டம் இல்லை. தாயாருக்கு மருந்து வைக்க வாங்கிய பெட்டியும், அண்டை வீட்டுக்காரனிடம் பெருமை காட்ட வாங்கிய பெட்டியும் அங்கே ஒரே எண்.

சில்லறைக் கடனே ஆகாது என்றும் நான் சொல்ல வரவில்லை. கந்துவட்டிக்காரனிடமிருந்து ஏழைகளை மீட்பதற்காகத்தான் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமே வந்தது. அப்படியும் அந்த வட்டி ஒழியாமல், தமிழ்நாட்டில் 2003இல் அதற்கென்று தடைச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சின்னக் கடன் நியாயமான வட்டியில் கிடைப்பது எத்தனையோ குடும்பங்களுக்கு மூச்சு. அதற்குச் சாட்சி எங்கள் எதிர் வீட்டிலேயே இருந்தது.

எதிர் வீட்டில் விசைத்தறி ஓட்டும் குடும்பம். புருஷன் பகல் ஷிப்டு. அந்த அம்மாள் வீட்டில் துண்டுகளுக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருப்பாள். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். மைனி என்று கூப்பிடுவேன். கடையிலிருந்து வெறுங்கையோடு நாங்கள் திரும்பி வந்தபோது அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன தம்பி, பெட்டி பார்க்கப் போனீங்கன்னு ஆச்சி சொன்னாங்களே?"

பத்திரம் முடியட்டும் என்று பார்க்கிறோம் மைனி என்றேன். அதற்கு மேல் நான் சொல்லவில்லை. நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு, பாங்கியிடம் 24 லட்சம் கேட்கக் கூச்சம் இல்லை; எதிர் வீட்டில் ஒரு ஓரம் கேட்கக் கூச்சம்.

அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எழுந்து எங்கள் வீட்டுக்குள் வந்து, "ஆச்சி, மருந்தைக் குடுங்க" என்று கையை நீட்டினாள். திறக்காத மூன்று குப்பிகளையும் வாங்கிக்கொண்டு போனாள். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் சின்னது. அதன் கதவுத் தட்டில் முட்டை வைக்கும் இடத்தை ஒதுக்கி, "இது ஆச்சி மருந்து, யாரும் தொடக் கூடாது" என்று பேரனிடம் சொன்னாள். திறந்த குப்பியை மட்டும் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். பெரிய மண் சட்டியில் ஈர மணல், அதற்குள் ஒரு சின்னச் சட்டி, அதற்குள் குப்பி. காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சின்னப் பெட்டியை அவர்கள் தவணையில்தான் வாங்கியிருந்தார்கள். 12 தவணையையும் துண்டு துண்டாய்க் குஞ்சம் முடிந்தே கட்டி முடித்துவிட்டதாக அவளே சொன்னாள். அவர்கள் சில்லறைக் கடன் வாங்கியிராவிட்டால் எங்களுக்குச் சில்லறைக் கடன் வாங்காமல் இருக்க முடிந்திராது. ஆகையால் கடன் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு இடம் வேண்டாம். சின்னக் கடனுக்கும் ஒரு காலம் உண்டு. பெரிய கடன் வாசலில் வந்து நிற்கும்போது அது குறுக்கே வரக் கூடாது. அவ்வளவுதான் நான் கண்டது.

சங்கரநாராயணர் தரிசனமும் ஆயிற்று. தபசு அன்று விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்ததை எல்லாம் அம்பாளுக்கு என்று கூட்டத்தில் சூறை விட்டார்கள். பருத்தி, மிளகாய் வற்றல், நெல் எல்லாம் தலைக்கு மேலே பறந்தன. யார் கொடுத்தது, யார் மேலே விழுந்தது என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. என் மனைவி தலையிலிருந்து ஒரு பருத்திக் கொட்டையை எடுத்துப் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆவணி பிறந்து இரண்டாவது வாரத்தில் பத்திரம் பதிவாயிற்று. பதிவுக்கு மூன்று நாள் முன்னால் பாங்கியிலிருந்து எங்கள் கடன் அறிக்கையையும் ஒருமுறை பார்த்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. 24 லட்சமும் குறையாமல் வந்தது. புரட்டாசிச் சம்பளத்தில் கொஞ்சமும், ஒரு பதிப்பாளர் நெடுநாளைக்குப் பிறகு அனுப்பிய கொஞ்சமும் சேர்த்து, ஐப்பசி முதல் தேதி ரொக்கத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினோம். மைனி வீட்டிலிருந்து மருந்துக் குப்பியை அம்மாவே போய் எடுத்து வந்தாள். போகும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுபோனாள். அதை வாங்கிக்கொள்ள வைப்பதற்கே அரை மணி நேரம் ஆயிற்றாம்.

புது வீடு அந்தத் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது. பாங்கிக்கு நாங்கள் கட்ட வேண்டிய தவணைகள் 240. ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, ரசீது உண்டு. மைனிக்குத் தர வேண்டியதற்குத் தேதியும் கிடையாது, ரசீதும் கிடையாது. அதை எப்படி அடைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் யோசிக்க விடவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் காலையில் பேரன் இரண்டு தூக்குச் சட்டியோடு வந்து நின்றான்.

"வீட்டிலே விருந்தாளி வந்திருக்காங்களாம். எங்க பெட்டியிலே இடம் இல்லையாம். இந்த மாவை உங்க பெட்டியிலே வைக்கணுமாம். சாயங்காலம் இன்னொரு சட்டி வருமாம்."

அம்மா ஓடிப்போய், எங்கள் மாவுச் சட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதற்கு இடம் பண்ணினாள்.